சேவல் மிதித்து முதுகு மொட்டையான கோழி: இறகு திரும்ப வளர என்ன செய்ய வேண்டும்?

[காட்சி: காலை வெயில் விழும் முற்றம். செவலை நிறச் சிறுவிடைக் கோழி (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) மண்ணைக் கிளறுகிறது. கேமரா அதன் முதுகை நெருங்குகிறது.]

வணக்கம். இந்தக் கோழியின் முதுகைப் பாருங்கள். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. தோல் சிவந்து தடித்திருக்கிறது. ஓரத்தில் மிச்சமிருக்கும் இறகுகளும் முழுதாக இல்லை; பூ உதிர்ந்த துடைப்பக் குச்சியைப் போல வெறும் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இது எங்கள் வீட்டுச் செவலை. முதலில் இதைப் பேன் தொல்லை என்று நினைத்தேன். சாம்பலைத் தூவி, வேப்பெண்ணெய் தடவி மூன்று வாரங்களை வீணாக்கிவிட்டேன். அந்த மூன்று வாரமும் சேவல் அதன் முதுகில் ஏறிக்கொண்டேதான் இருந்தது. உங்கள் கோழிக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகவே இந்த வீடியோ.

[காட்சி: கோழியை மடியில் வைத்து இறகுகளை விலக்கிக் காட்டுதல்]

இறகு எந்த இடத்தில் போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பேன் என்றால் எச்சவாயைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளையாக முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். அடைக்கு உட்காரும் கோழி என்றால் வயிற்றுப் பக்கம் வெறுமையாகும். சேவலால் வந்த சேதம் பிடரி, முதுகு, வாலடி ஆகிய மூன்று இடங்களில் தெரியும். சேவல் அலகால் பிடரி இறகைக் கவ்விப் பிடித்து, முதுகில் ஏறி நின்று, வாலைத் தாழ்த்தி இணைகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளில் நிலை தடுமாறாமல் இருக்கக் கால்களை மாற்றி மாற்றி ஊன்றுகிறது. நகம் இழுபடுவது அப்போதுதான்.

இறக்கையைத் தூக்கி விலாப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. வெளியே நன்றாக இருப்பதாகத் தோன்றும் கோழிக்குக்கூட இறக்கைக்கு அடியில் தோல் கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கலாம். ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகு தெரிந்து பயனில்லை.

[காட்சி: வெள்ளைத் துணியின் மேல் இரண்டு இறகுகள். ஒன்று முழு இறகு, மற்றொன்று பாதியில் ஒடிந்தது.]

வேரோடு பிடுங்கப்பட்ட இறகு, சில வாரங்களில் மீண்டும் முளைக்கத் தொடங்கும். பாதியில் ஒடிந்த இறகு அப்படி முளைக்காது. அதன் அடித்தண்டு தோலுக்குள் இருக்கும்வரை புது இறகு வராது. கோழி ஆண்டுக்கு ஒரு முறை இறகு உதிர்க்கும்போதுதான் அந்த மொட்டைத் தண்டும் விழும். சேவலைப் பிரித்த பிறகும் மாதக்கணக்கில் முதுகு வெறுமையாகவே இருந்தால் பதற வேண்டாம். காரணம் இதுதான்.

[காட்சி: சிறுவிடைக் கோழியும், பெரிய உடல்வாகுள்ள பெருவிடைச் சேவலும் அருகருகே]

இப்போது இந்த இரண்டையும் பாருங்கள். செவலையின் எடை ஒன்றரைக் கிலோ. சேவல் பெருவிடை, 4 கிலோவைத் தொடுகிறது. குஞ்சு பெரிதாக வரும் என்று நம் ஊரில் பலரும் சிறுவிடைக் கூட்டத்தில் பெருவிடைச் சேவலை விடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். தன்னைவிட இரண்டரை மடங்கு கனமான உடலை நாளுக்குப் பல முறை முதுகில் சுமக்கிறது இந்தக் கோழி. எந்த மருந்தும் இதைச் சரிசெய்யாது. சிறுவிடைக் கோழிக்குச் சிறுவிடைச் சேவல்தான் ஏற்றது.

எடைக்கு அடுத்தது எண்ணிக்கை. ஒரு சேவலுக்கு 8 முதல் 10 கோழிகள் இருக்க வேண்டும். மூன்று கோழிக்கு ஒரு சேவல் என்று வைத்தால் மூன்றின் முதுகும் போகும். பத்துக் கோழி இருந்தாலும் சேவல் சிலவற்றையே திரும்பத் திரும்ப நாடும். அடங்கிப் பதுங்கும் கோழியே அதிகம் மிதிபடும். எங்கள் செவலை அப்படிப்பட்டதுதான்.

ஐந்தாறு மாத இளஞ்சேவல்கள் இன்னும் மோசம். பக்குவப்பட்ட சேவல் ஒரு பக்கச் சிறகைத் தரையில் உரசியபடி கோழியைச் சுற்றி வரும். புழுவைக் கண்டால் தான் தின்னாமல் குரல் கொடுத்துக் கோழியைக் கூப்பிடும். இளஞ்சேவலுக்கு அந்தப் பொறுமை இல்லை, துரத்தித்தான் பிடிக்கும். அப்படி இரண்டு மூன்று இருந்தால் இன்றே தனியே அடைத்துவிடுங்கள்.

[காட்சி: பஞ்சாரத்துக்குள் (கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடை) சேவல். வெளியே கோழிகள் மேய்கின்றன.]

சேவலைப் பிரித்தால் முட்டை நின்றுவிடுமா என்று கேட்கிறார்கள். நிற்காது. கோழி முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. அதற்கும் நாள் முழுவதும் கூட இருக்க வேண்டியதில்லை. சேவலின் விந்து கோழியின் உடலுக்குள் நுண்ணிய குழல்களில் தங்கி, ஒரு வாரத்துக்கு மேலும் கருக்கூட்டும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் சேவலை விட்டு, மற்ற நாட்களில் பஞ்சாரத்திலோ வலையடித்த தடுப்பிலோ வைத்தால் போதும். நிழலும் தண்ணீரும் இருக்கட்டும்.

[காட்சி: பழைய ஜீன்ஸ் துணியை வெட்டுதல்]

பிரிக்க இடமில்லாதவர்கள் முதுகுக்குத் துணிக் கவசம் தைக்கலாம். கழுத்தடியிலிருந்து வாலடி வரை அளந்து, அந்த நீளத்துக்குத் துணியை வெட்டுங்கள். மெல்லிய துணி என்றால் இரண்டு மடிப்பு வேண்டும். இரு பக்கமும் எலாஸ்டிக் வளையம் தைத்து, இறக்கைகளை அதற்குள் நுழையுங்கள். வளையத்துக்குள் உங்கள் விரல் தாராளமாகப் போக வேண்டும். இறுகினால் இறக்கையடி புண்ணாகும். மாட்டிய முதல் ஒரு மணி நேரம் கோழி பின்பக்கமாகவே நடக்கும். பிறகு பழகிவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. புண்ணுக்கு மேல் கவசம் மாட்டாதீர்கள். சித்திரை வெயிலிலும் மாட்டாதீர்கள். கோழிக்கு வியர்க்காது, உடல் சூடு ஏறிவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை கழற்றி அடியில் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் கவசம் இரண்டாம் பட்சம்தான். எடையையும் எண்ணிக்கையையும் சரிசெய்யாமல் துணி மட்டும் கட்டினால் பிடரி இறகு போய்க்கொண்டேதான் இருக்கும்.

[காட்சி: மாலை. துணியால் கண் மறைத்த சேவலின் காலை ஒருவர் பிடித்திருக்கிறார்.]

சேவலின் நகத்தையும், காலின் பின்புறம் நீட்டியிருக்கும் முள்ளையும் மழுக்கலாம். நுனியை மட்டும் அரத்தால் தேயுங்கள். முள்ளுக்குள் ரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது. ஆழமாக வெட்டினால் சேவலுக்குத் தாங்க முடியாத வலி. இளஞ்சேவலுக்கு முள் இன்னும் வளர்ந்திருக்காது, கிழிப்பது நகம்தான்.

புண் சிறியதென்றால் வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவித் தனியே வையுங்கள். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளே கொத்தும். தோல் கிழிந்து சதை தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

[காட்சி: கவிழ்த்த பானையை நிமிர்த்துதல். உள்ளே கரையான்.]

இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. வெறும் கம்பும் அரிசியும் போட்டால் எதை வைத்து வளர்க்கும்? பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் இப்படி நிறைந்திருக்கும். கருவாட்டுத் தூளும், நீரில் மிதந்து வளரும் அசோலா பாசியும் கொடுக்கலாம்.

[காட்சி: செவலையின் முதுகு, மிக அருகில். நீல நிற முளைகள்.]

சேவலை மாற்றிய பிறகு செவலை இறகு உதிர்த்தது. இப்போது முதுகில் ஊசி ஊசியாக முளைத்திருப்பது புது இறகு. உறைக்குள் ரத்தம் ஓடுவதால்தான் இந்த நீலம். இப்போது மிதிபட்டால் ஒடிந்து ரத்தம் கொட்டும். எனவே இந்த உறை காய்ந்து, பொடுகுபோல உதிர்ந்து, இறகு முழுதாக விரியும்வரை எந்தச் சேவலும் செவலையின் அருகில் போகாது.