புரட்டாசி வந்தும் மொட்டு விடாத சாமந்தி

அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கூடியிருக்கும் இடத்தில் புரட்டாசிப் பூக்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேலியோரம் செங்காந்தள் ஏறியிருக்கும். மழைக்குக் கிழங்கு முளைத்து, இலை நுனியாலேயே பற்றிக்கொண்டு மேலே போகிற கொடி. மாநில மலர்தான், ஆனால் கிழங்கு கடும் விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம் என்பேன்.

பவழமல்லி இருட்டிய பிறகு விரிந்து, விடியும்போது தரையில் கிடக்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெள்ளை இதழ்களுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் காம்பு என்று நினைப்போம். அது பூவின் குழல். நகத்தால் கிள்ளினால் விரலில் சாயம் ஒட்டும்.

சரி, சாமந்திக்கு வருகிறேன். "செடி தளதளவென்று இருக்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை. என்ன உரம் போடலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தொட்டிக்கு மேலே ராத்திரியில் என்ன விளக்கு எரிகிறது?

சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. சென்னையில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். மார்கழியில் 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது உறைப்பதில்லை, செடிக்கு உறைக்கிறது. புரட்டாசி முதல் வாரத்தில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகி, அப்புறம் இரவு பகலைவிட நீண்டுகொண்டே போகிறது.

இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு புகையிலைச் செடி. அமெரிக்க விவசாயத் துறையில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு பேர். கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு ரகத்தைச் சாயங்காலமே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளினார்கள், கோடையிலேயே பூத்துவிட்டது. 1920இல் அதை வெளியிட்டார்கள். 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தை என்கிற களைச்செடியை வைத்து இன்னொன்றைக் கண்டார்கள்: நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் பட்டாலே போதும், அந்தச் செடி பூக்காது.

ஓசூர்ப் பக்கம் சாமந்தி வயலில் ராத்திரி பல்பு தொங்கவிடுவதும் இதற்காகத்தான். பூப்பதைத் தள்ளிப்போட்டு, செடியை வளர்த்துக்கொண்டு, விலை கிடைக்கிற நேரத்துக்குப் பூவை இறக்கலாம். அவர்கள் காசு கொடுத்துச் செய்கிற வேலையை உங்கள் மாடியில் தெருவிளக்கு இலவசமாகச் செய்கிறது!

செம்பருத்திக்கும் நித்தியகல்யாணிக்கும் இந்தத் தொல்லையே கிடையாது, அவை பாட்டுக்குப் பூக்கும். சாமந்தித் தொட்டியை மட்டும் இன்றைக்கே தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கோ இருட்டான மூலைக்கோ நகர்த்துங்கள். பகலில் அங்கே வெயில் விழ வேண்டும். அப்படி இடமில்லையா, மாலை ஆறரைக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஆறரைக்கு எடுங்கள். மொட்டு நிறம் காட்டும்வரை ஒரு நாளும் விடக் கூடாது. நடுவில் டார்ச் அடித்துப் பார்க்கவும் கூடாது, அந்த ஆசை வரும். ரகத்தைப் பொறுத்துப் பூக்க எட்டு, பத்து வாரம் பிடிக்கும். அதனால் தீபாவளிக்கு எதிர்பார்க்காதீர்கள், கார்த்திகையில் பறிக்கலாம்.