பொட்டலும் பறவைகளின் ஊர்தான்

பெரியவர்களே, ஆச்சிமார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் பக்கத்தில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், வேட்டங்குடி என்றுதான் எல்லோரும் சொல்வோம். சரிதான். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சேர்த்து 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல காலமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அது லேசான காரியமா? அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அங்கே போனால், வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்கு என்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அலகைப் பாருங்கள், அப்புறம் காலைப் பாருங்கள். அலகும் காலும் கறுப்பாக, விரல்கள் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பின்னாலேயே நடந்தால் உண்ணிக்கொக்கு. முட்டையிடும் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறிவிடும். அலகை மூடிய பிறகும் நடுவில் சந்து தெரிகிறதா? அது நத்தைக்குத்தி நாரை. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும்.

ஆனால் நான் இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்தது தண்ணீரே இல்லாத இடத்தைப் பற்றி. கண்மாய்க்கும் ஊருணிக்கும் அப்பால் கிடக்கிற செம்மண் பொட்டலை ஒன்றுக்கும் உதவாத தரிசு என்கிறோம். அங்கே மட்டுமே வாழ்கிற உயிர்கள் இருக்கின்றன.

ஆள்காட்டிப் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை இருந்தால் சிவப்புமூக்கு ஆள்காட்டி. அதைக் கண்மாய்க்கரை, வயல் என்று ஈரம் உள்ள பக்கம்தான் அதிகம் பார்க்கலாம். மஞ்சள் சதையும் கறுப்புத் தொப்பியும் இருந்தால் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி. அதற்குக் காய்ந்த பொட்டல்தான் பிடிக்கும். நிற்கும் இடமே பாதி அடையாளம் சொல்லிவிடுகிறது.

அதே பொட்டலில் சாம்பல்தலை வானம்பாடி இருக்கும். சிட்டுக்குருவி அளவுதான். ஆண் விர்ரென்று மேலே போகும், சீட்டியடித்துக்கொண்டே தலைகீழாக விழும், தரை தொடுவதற்குள் மறுபடி எழும். இதைப் பார்க்க டிக்கெட் இல்லை, பைனாகுலர்கூட வேண்டாம்.

இந்த இரண்டுமே தரையில்தான் முட்டையிடும். சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டால் இவற்றுக்கு இடமில்லை. பிளாட் போட்டாலும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பசுமையாக்குகிறோம் என்று நல்ல மனசோடு பொட்டல் முழுக்க மரம் நட்டாலும் இல்லை. மரத்தைத் தெருவிலும் ஊருணிக்கரையிலும் நடுவோம். பொட்டலில் கொஞ்சத்தையாவது வெறும் பொட்டலாகவே விட்டுவைக்க வேண்டும் என்று உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள்.

சித்திரை, வைகாசியில் பொட்டலில் நடக்கும்போது மஞ்சள்மூக்கு ஆள்காட்டி கத்திக்கொண்டே உங்களைச் சுற்றினால், முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மண்நிறத்தில் புள்ளி போட்டிருப்பதால் கண்ணுக்கு லேசில் தெரியாது. தேடாதீர்கள், போட்டோவும் வேண்டாம். அங்கேயே நின்று, காலடியைப் பார்த்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். வெயிலில் தாய் விலகி நிற்கும் நேரம் நீண்டால் முட்டை வெந்துபோகும்.