சுமையை இறக்கி வைக்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மே மாதக் கடைசி வந்துவிட்டது. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்களா, தண்ணீர் கல்லணை தாண்டி நம் கடைமடைக்கு வர எத்தனை நாள் ஆகும், குறுவைக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்று டீக்கடை முழுக்க அதே பேச்சாக இருக்கிற இந்த நேரத்தில், நான் இமயமலை மனிதர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மே 29 வருகிறது. 1953-ல் அந்த நாள் பகல் 11:30 மணிக்குத்தான் டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதி வந்தால் எனக்கு டென்சிங்கோடு சேர்ந்து இன்னொருவரும் ஞாபகத்துக்கு வருவார். அவர் எந்தச் செய்தித்தாளிலும் வராதவர். எனக்கு மலையில் நடக்கக் கற்றுக் கொடுத்தவர்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில். சுற்றுவட்டாரத்தில் மேடு என்று சொன்னால் ஆற்றுக்கரைதான், அதுவும் ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் நிறைந்து போனால் பாதி மேடுதான் மிஞ்சும். சின்ன வயதில் நான் ஏறிய உயரமெல்லாம் வைக்கோல் போரும் தென்னை மரமும். தஞ்சாவூருக்குப் போனால் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பேன். அது சுமார் 216 அடி. எவரெஸ்ட் 29,032 அடி. நம் விமானத்தைப் போல 134-ஐ ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அங்கே போய்ச் சேரலாம். கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1983-ல் எனக்கு டார்ஜிலிங்கில் இருக்கும் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துக்குப் போக வாய்ப்பு வந்தது. எவரெஸ்ட் ஏறின அடுத்த வருஷம், 1954 நவம்பரில், தொடங்கிய நிறுவனம் அது. டென்சிங்தான் அங்கே முதல் களப்பயிற்சி இயக்குநர். அவருக்குப் பிறகு அவருடைய அக்கா மகன் நவாங் கோம்பு அந்தப் பொறுப்பில் இருந்தார். 1963-லும் 1965-லும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டு, உலகத்திலேயே இரண்டு தடவை அங்கே நின்ற முதல் மனிதர் என்று பெயர் வாங்கியவர். எங்களுக்கு அதெல்லாம் எட்டாத உயரம். எங்கள் குழுவுக்கு வந்தவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு ஷெர்பா பயிற்றுநர். ஷெர்பா என்பது இமயமலையில் வாழும் ஒரு இனத்தின் பெயர். எல்லாரும் அவரை ‘தாஜு’ என்போம். நேபாளியில் அண்ணன் என்று அர்த்தம். அவர் எங்களை ‘பாய்’, அதாவது தம்பி, என்பார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வைத்திருக்கிறேன், அவர் குடும்பத்தாரிடம் கேட்கவில்லை.

அவருடைய நெற்றியை இப்போதும் வரைந்து காட்டுவேன். முடி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, குறுக்கே, திருநீற்றுப் பட்டை இழுத்தது போல ஒரு தடம். தோல் அந்த இடத்தில் மட்டும் வழுவழுவென்று பளபளக்கும். அந்தப் பக்கத்தில் சுமையை முதுகில் வைத்து, அதைப் பிடிக்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்வார்கள். பட்டைக்கு நாம்லோ என்று பெயர், கூடைக்கு டோகோ. பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் பட்டை அழுத்தி அழுத்தி ஏற்பட்ட தடம் அது. முதல் தடவை பார்த்ததும் எனக்கு நம் ஊர்க் கோயிலில் சாமி தூக்கும் சீர்பாதம் தாங்கிகளின் தோள் ஞாபகம் வந்தது. வாகனத் தண்டு பட்டுப் பட்டுக் காய்த்துப் போன தோள். அந்த இரண்டு உடம்புகளும் ஒரே மாதிரி வேலை பார்த்த உடம்புகள் என்று அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அவரிடம் பயம் போய்விட்டது.

யுக்சோமிலிருந்து சிக்கிம் காட்டுக்குள் நடந்து ஜோங்ரிக்குப் போகும் வழியில், நான் விழுந்தேன். சறுக்கி விழவில்லை, உயரம் என்னைப் படுக்க வைத்துவிட்டது. தலை வெடிக்கிற மாதிரி வலி, குமட்டல், கால் எடுத்து வைத்தால் மண்ணே நகர்கிற மாதிரி ஒரு மயக்கம். தாஜு ஒன்றுமே பேசவில்லை. என் பையைக் கழற்றித் தன் பைமேல் வைத்துக் கட்டிக்கொண்டு, என் முன்னால் மிக மெதுவாக நடந்தார். எவ்வளவு மெதுவாக என்றால், நாற்று நடும்போது பெண்கள் சேற்றில் பின்னால் நகர்வார்களே, அந்த வேகம். பாதத்தை முழுக்கப் பதிய வை, ஒரு மூச்சுக்கு ஒரு அடி, அவ்வளவுதான் என்று கையைக் காட்டியே சொல்லிக் கொடுத்தார். என் இந்தியும் அவர் இந்தியும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது என்பதால் எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் கையும் கண்ணும்தான்.

நாலு நாள் கழித்து, உடம்பு தேறி, ஒரு கூரான மண்மேட்டில் நாங்கள் வரிசையாக நடந்தபோது இரண்டு பக்கமும் சரிவைப் பார்த்துப் பையன்கள் தடுமாறினார்கள். நான் தடுமாறவில்லை. தாஜு என் காலைப் பார்த்துவிட்டு எங்கே பழகினாய் என்று கேட்டார். வரப்பு என்று எப்படிச் சொல்வது? தரையில் விரலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நடுவே தண்ணீர், கோட்டின் மேல் நடக்க வேண்டும் என்று காட்டினேன். சிரித்தார். அன்றைக்கெல்லாம் என்னை ‘கேத் பாய்’ என்று கூப்பிட்டார். வயல் தம்பி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஷெர்பாக்கள் என்றாலே மூட்டை தூக்குகிறவர்கள், காசுக்கு மலை ஏறுகிறவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது வலிக்கும். கூலி வாங்கினார்கள், உண்மைதான். நம் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி உண்டு, அதனால் அந்தப் பெண்களுக்குப் பச்சைப் பயிரைப் பார்த்தால் மனசு குளிராது என்று யாராவது சொல்வோமா? முகாமில் ஓய்வு நாள் ஒன்று கொடுத்தார்கள். எல்லாரும் கூடாரத்தில் சுருண்டு கிடந்தோம். தாஜு விடியற்காலையில் தகரக் குவளையில் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரோடு வெளியே போனவர், மத்தியானம்தான் திரும்பினார். எங்கே போனீர்கள் என்றால், மேலே, குராஸ் பூத்திருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன் என்றார். கையில் ஒரு பூ கூடக் கிடையாது. எங்கள் அப்பா இப்படித்தான். அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் மாசியிலும் காலையில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே என்னதான் இருக்கிறது என்று அம்மா கேட்பாள். பதில் சொல்ல மாட்டார்.

டென்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ல் சுமை தூக்கும் ஆளாகத்தான் முதலில் எவரெஸ்டுக்குப் போனார். அப்புறம் திரும்பத் திரும்பப் போனார். 1952-ல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ரேமோன் லாம்பேர்ட்டோடு உச்சிக்கு வெகு அருகில் போய்த் திரும்பினார். மறு வருஷம் உச்சியில் நின்றபோது அவர் கழுத்தில் இருந்தது லாம்பேர்ட் கொடுத்த சிவப்புத் துணி. பனியைத் தோண்டிக் கொஞ்சம் இனிப்பும், மகள் நீமா கொடுத்தனுப்பிய துண்டுப் பென்சிலும் வைத்தார். மலை அவருக்குச் சோமோலுங்மா, தாயார். கோயிலுக்குப் போனால் வெறுங்கையோடு போவோமா? அந்தப் பென்சிலை நான் பல தடவை நினைத்துப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் போகாத அப்பா, மகள் எழுதிய பென்சில், உலகத்தின் உச்சி.

அவர்கள் பெயர் வைக்கும் முறையும் ஒரு அழகு. பல குழந்தைகளுக்குப் பிறந்த கிழமையே பெயர். ஞாயிறு பிறந்தால் நீமா, திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வியாழன் புர்பா, வெள்ளி பாசாங், சனி பெம்பா. அப்படி ஒரு வெள்ளிக்கிழமைப் பெயர்க்காரர்தான் பாசாங் லாமு ஷெர்பா. மூன்று குழந்தைகளின் தாய். மூன்று தடவை முயன்று முடியாமல், நான்காவது தடவை, 1993 ஏப்ரல் 22-ல் எவரெஸ்ட் உச்சியை எட்டினார். நேபாளப் பெண்களில் முதல்வர். இறங்கும்போது வானிலை கெட்டது, அவர் திரும்பி வரவில்லை. கூடப் போன சோனம் செரிங் ஷெர்பாவும் வரவில்லை. நேபாளத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, தபால்தலை வந்தது, ஒரு சிகரத்துக்கே அவர் பெயர்.

பாபு சிரி ஷெர்பா என்று ஒருவர். எவரெஸ்டைப் பத்து தடவை ஏறியவர். 1999 மே மாதம் உச்சியில் ஒரு சின்னக் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், 21 மணி நேரம் அங்கேயே இருந்தார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்கும் இடம் அது. அடுத்த வருஷம் அடிவார முகாமிலிருந்து உச்சிக்கு 16 மணி 56 நிமிஷத்தில் ஏறினார். எழுதப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டவர், பெண்பிள்ளைகள் ஆறு பேர், ஊரில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அலைந்தவர். 2001 ஏப்ரல் 29 அன்று இரண்டாம் முகாம் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு நடந்தவர், பனிப் பிளவில் விழுந்து இறந்தார். முதுகில் மூட்டை இல்லாத நேரம். கையில் கேமரா. தாஜு பூப் பார்க்கப் போனாரே, அது மாதிரிதான் இவரும் போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

மூட்டையோடு போனவர்களும் இருக்கிறார்கள். 1922-ல் எவரெஸ்டில் பனிச்சரிவில் முதன்முதலாக ஏழு பேர் இறந்தார்கள், ஏழு பேரும் சுமை கொண்டுபோன மலைக்காரர்கள். 2014 ஏப்ரல் 18 விடியற்காலையில் எவரெஸ்ட் ஏறும் வழியில் இருக்கும் கும்பு பனியருவியில் பனிக்கட்டி சரிந்து 16 பேர் போனார்கள், அத்தனை பேரும் நேபாளத்துத் தொழிலாளர்கள், அதில் 13 பேர் ஷெர்பாக்கள். மேலே ஏறப் போகிறவர்களுக்காகக் கயிறும் ஏணியும் சாமானும் கொண்டுபோய்க்கொண்டிருந்தவர்கள். குடும்பத்துக்கு உடனடி உதவி என்று முதலில் அறிவித்த தொகை அவர்கள் பணத்தில் 40,000 ரூபாய். சக தொழிலாளர்கள் கொதித்துப் போய், அந்தப் பருவத்துக்கு மலை ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில் துக்லா மேட்டில், இறந்தவர்களுக்காகக் கல் அடுக்கிய நினைவிடங்கள் வரிசையாக இருக்கின்றன. பாபு சிரிக்கும் அங்கே ஒன்று. கீழே ஊர்ப்பக்கம் வேறு வழக்கம் உண்டு. ஏற்றம் முடிகிற இடத்தில், மரத்தடியில், கல்மேடை கட்டுவார்கள். சௌதாரா என்று பெயர். சுமையோடு வருகிறவர் குனியாமல் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து கூடையை அதன்மேல் வைத்துவிடலாம், அந்த உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். இறந்துபோன அப்பா பெயரில், பிள்ளை பெயரில் கட்டுவது உண்டு. தாஜு ஒன்றைக் காட்டி இதைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம்மிடமும் இருக்கிறதே! இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்த சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது. அவள் இறக்காமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கட்டும் என்று.

தாஜு மலையில் இறக்கவில்லை. வயதாகி, வீட்டில், பேரப்பிள்ளைகள் சுற்றியிருக்கப் போனார். வருஷப்பிறப்புக்கு, அவர்கள் லோசார் என்பார்கள், ஒரு அட்டை அனுப்புவார், நான் பொங்கலுக்கு அனுப்புவேன். ஒரு வருஷம் அட்டைக்குப் பதில் அவர் மகள் எழுதிய கடிதம் வந்தது. அப்பா பெயரில் ஊருக்குக் கீழே திருப்பத்தில் ஒரு கல்மேடை கட்டியிருக்கிறோம், உங்கள் பக்கம் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தாள். எங்கள் ஊர் மேலத்தெரு முனையில் இருக்கும் சுமைதாங்கியைப் படம் எடுத்து அனுப்பினேன். சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் அது பாதி புதைந்து, இப்போது என் முழங்கால் உயரம்தான் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

மகளிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. படம் நன்றாக இருக்கிறது, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று.

எனக்குத் தெரியவில்லை. கல்லில் எழுத்து இல்லை. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பஞ்சாயத்தில் கேட்டேன், கோயில் பூசாரியைக் கேட்டேன், யாருக்கும் பிடிபடவில்லை. கீழத்தெருவில் தொண்ணூறைத் தொட்ட ஒரு ஆத்தா மட்டும், “எங்க அப்பாயி சொல்லுமே, அந்தப் பொண்ணு நல்லா நீஞ்சுமாம், வெள்ளத்துலகூட அக்கரைக்குப் போயிட்டு வந்துருமாம், ஊருக்குள்ள இருக்கவே மாட்டாளாம், ஆத்துலயும் கரையிலயும்தான் கெடப்பாளாம்” என்று தொடங்கினார். பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது என்றார். போன வாரம் போனபோது ‘செ’ என்று ஆரம்பிக்கும் என்றார். செல்லம்மாவா, செண்பகமா, செங்கமலமா என்று நானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். நாளைக் காலையில் மறுபடி போகிறேன்.

வணக்கம்.