உடன் நடந்து வரும் ஒருவர்

நண்பர்களே,

‘கேஸ் மேனேஜர்’ என்ற சொல்லை ‘வழக்கு மேலாளர்’ என்று யாரோ தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கேஸ் என்றாலே நமக்குக் கோர்ட் வாசல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் இன்று சொல்லப்போகிற ஆளுக்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒருவரைக் கையோடு கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்கார வைப்பவர், மாத்திரை தடையில்லாமல் கிடைக்கிறதா என்று கடைசிவரை பார்த்துக்கொள்பவர் அவர்.

2016-ல் அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கை வெளியிட்டது. தொற்று அப்போதிருந்த வேகத்திலேயே போனால், ஆண்களோடு உறவுகொள்ளும் கறுப்பின ஆண்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. வரும். அதே வகை உறவுள்ள வெள்ளையர்களில் 11 பேரில் ஒருவருக்கு. இதைக் கேட்டதும் பலர் மனதில் எழுவது ‘அவர்கள் நடத்தை அப்படி’ என்ற எண்ணம். அது பொய். ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்தக் கறுப்பின ஆண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஆபத்தான உறவில் ஈடுபடவில்லை என்று தெரிந்தது. அவர்களுக்குக் குறைவாக இருந்தது மருத்துவக் காப்பீடும் சிகிச்சையும்தான். சிகிச்சை இல்லாத இடத்தில் கிருமி தங்குகிறது, பரவுகிறது.

சிகிச்சை எடுத்தால் பரவாது என்பதை நிரூபித்ததில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. ஒருவருக்குத் தொற்று இருந்து துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்தார்கள். சென்னை ஜோடிகளும் அதில் இருந்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது. ஆக, மருந்து இருக்கிறது, வேலையும் செய்கிறது. அப்புறம் என்ன தடை?

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் 22 வயதுப் பையன் ஒருவனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் வேலை, ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஏழைகளுக்கான அரசு காப்பீடான மெடிக்கெய்டை அந்த மாநிலம் விரிவாக்கவில்லை. குழந்தை இல்லாத ஏழை இளைஞனுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. கிளினிக்குக்குப் போக கார் இல்லை. அம்மாவும் பாட்டியும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்களிடம் வாய் திறக்க முடியவில்லை. மாத்திரை டப்பாவை அசைத்தால் கலகலவென்று சத்தம் வரும். அதற்குள் பஞ்சு அடைத்து, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டைக் கிழித்து, துணிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். பாட்டி அறையைச் சுத்தம் செய்கிற நாளில் மாத்திரை எடுப்பதில்லை. டாக்டர் எழுதித் தந்த சீட்டில் இதில் எதற்குமே மருந்து இல்லை.

டாக்டர்கள் மேல் இருக்கும் அச்சத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அலபாமா மாநிலத்து டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, ஆய்வு என்ற பெயரில், மேகநோய் (சிபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களைக் குணப்படுத்தாமல் அரசே வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த நினைவு பேரன்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கேஸ் மேனேஜர் இந்த இடத்தில்தான் நுழைகிறார். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்க 1990-ல் வந்த ரயன் வொயிட் சட்டம் அவருக்குச் சம்பளம் தரவும் வழி செய்தது. படிவம் நிரப்புவார், வண்டி ஏற்பாடு செய்வார், சாவிக்கொத்தில் மாட்டும் சின்னக் குப்பியில் அன்றைய மாத்திரையை வைத்துக்கொள்ளச் சொல்வார். அட்லாண்டா, பால்டிமோர், மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நான்கு நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாகத் தொற்று தெரியவந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் தகவல் தாளும் கிளினிக் விவரமும் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரை 90 நாட்களில் அதிகபட்சம் ஐந்து முறை கேஸ் மேனேஜர் சந்தித்தார். ஆறு மாதத்துக்குள் டாக்டரிடம் போனவர்கள் முதல் பகுதியில் 60 சதவீதம், இரண்டாவதில் 78.

ஐந்தே சந்திப்புகள்! அதிலும் பேச்சு ஆரம்பிக்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதில்லை. இதற்கு முன் கஷ்டமான ஒன்றை எப்படிச் சமாளித்தாய் என்று கேட்கிறார்கள். தம்பியைப் படிக்க வைத்ததையோ வாடகைக்குப் பணம் புரட்டியதையோ அவன் சொல்வான். அந்தச் சாமர்த்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிகிச்சைப் பேச்சு தொடங்கும்.

நம் பழைய இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகை உண்டு. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வான். எந்தக் காட்டைத் தாண்ட வேண்டும், எங்கே சோறு கிடைக்கும் என்பதுவரை சொல்வான். அமெரிக்காவில் பல இடங்களில், தொற்றோடு நலமாக வாழும் ஒருவரையே வழிகாட்டியாக வைக்கிறார்கள். அந்த வழியில் நடந்தவர் சொன்னால் காது கொடுக்கிறார்கள்.

சரி, தொற்று வராதவர்கள்? தடுப்பு மாத்திரைக்கு 2012-ல் அனுமதி கிடைத்தது. அதன்பின் லாஸ் ஏஞ்சலஸ், வாஷிங்டன், சேப்பல் ஹில் ஆகிய இடங்களில் 226 கறுப்பின ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரை கட்டாயமில்லை, ஆனால் அவரவர் தேவையைக் கேட்டுக் கூடவே நிற்க ஆள் உண்டு. 79 சதவீதம் பேர் மாத்திரையை ஏற்றுக்கொண்டார்கள். வேண்டாம் என்றவர்களையும் கைவிடவில்லை. வேலையும் வீடும்தான் ஒருவருக்கு முதல் கவலை என்றால் பேச்சு அங்கிருந்தே தொடங்கியது. மாத்திரையை அவர் எப்போது கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.