திண்ணைக்குப் போன மாப்பிள்ளை

நடுவர் ஐயாவுக்கும், கோயில் கொடை பார்க்க வந்திருக்கிற அண்ணாச்சிமாருக்கும் தாய்மாருக்கும் வணக்கம்.

கல்யாணமான முதல் வருஷமே பிள்ளை உண்டானால் புருஷன் பெண்டாட்டிக்குள் நெருக்கம் கூடுமா, குறையுமா? கூடும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்: “மசக்கை வந்த அன்றைக்கே மாப்பிள்ளைக்குத் திண்ணைதான். அங்கே நெருக்கம் யாரோடு, கொசுவோடா?” நீங்களும் விசில் அடித்தீர்கள். சரி, எனக்கு ஒரு திண்ணை தெரியும். அதைப் பற்றியே பேசுகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பக்கத்து வீடு. மாப்பிள்ளை அப்பளக் கம்பெனியில் உளுந்து மாவில் பெருங்காயம் சேர்த்துப் பிசைகிறவர். வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஆடியில் உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவமாகுமே! ஆவணியில் திரும்பி வந்தாள். ஐப்பசியில் நாள் தள்ளிப்போனது. மனசுவிட்டுப் பேசிப் பழக அவர்களுக்கு எங்கே நேரம்?

6-வது வார வாக்கில் மசக்கை ஆரம்பம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு மூக்கு எட்டு வீட்டுத் தாளிப்பை மோப்பம் பிடிக்கும். இவர் வாசல்படி ஏறும்போதே, “அங்கேயே நில்லுங்க அத்தான்!”

மறுநாள் தாமிரபரணிப் படித்துறையில் சோப்பைக் கரைத்துக் குளித்துவிட்டு வந்தார். “நகக்கண்ணுல இருக்கு அத்தான்!” அதற்கு மறுநாள் சீயக்காய். அதற்கும் குமட்டல். எங்கள் ஆச்சி சொன்னாள் என்று கை நிறைய எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு, வாசலில் நின்று கையை நீட்டினார் பாருங்கள். அவள் மோந்து பார்த்தாள். “இப்பம் ஊறுகா வாடைல்லா அடிக்கி!”

ஊறுகாய், நடுவர் ஐயா! பெருங்காயத்தோடு எலுமிச்சை சேர்ந்தால் வேறென்ன வரும்?

மனுஷன் கோபிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போனார். வெளியே ஐப்பசி மழை, ஜன்னலுக்கு உள்ளே அவள். பக்கத்தில் போக முடியாது, பேசலாமே? பேசினார்கள். அப்பா இல்லாமல் வளர்ந்த கதையை அவர் சொன்னார். தன் சித்தி ஒருத்தி தலைப்பிரசவத்தில் செத்துப்போனதையும், அன்றிலிருந்து மனசுக்குள் இருக்கிற பயத்தையும் அவள் சொன்னாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத பயம் அது. தம்பி, கட்டிலில் படுத்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா?

அப்புறம் ஒரு செக்கப்புக்கும் அவளைத் தனியே விடவில்லை. மத்திய அரசு வேலையென்றால் தகப்பனுக்கு 15 நாள் லீவு உண்டு. இவருக்கு ஏது? கூலியை விட்டுவிட்டுத்தான் போனார். ரத்தம் எவ்வளவு இருக்கிறது, பிரஷர் எவ்வளவு என்று டாக்டரிடம் இவர்தான் கேட்பார். இரும்புச்சத்து மாத்திரையை அவள் மறந்தாலும் இவர் மறக்க மாட்டார்.

இன்னும் பாயின்ட் நிறைய இருக்கிறது, நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மசக்கை பெரும்பாலும் 14, 16 வாரத்தில் அடங்கும். இவளுக்கும் பொங்கலுக்குள் அடங்கியது, அவரும் பாயை உள்ளே கொண்டுபோனார். பங்குனியில் வளைகாப்பு. பாவூர்சத்திரத்தில் இருக்கிற தாய்வீட்டுக்கு ரயிலேறும்போது, கை நிறைய வளையலோடு அவரிடம் கேட்டாள்: “அந்தத் துண்டைத் தாங்க அத்தான். தொவைச்சிராதீங்க.” பெருங்காய வாடை வீசுகிற துண்டு! எந்த வாடை குடலைப் புரட்டியதோ அதையே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கொசுவைப் பற்றிப் பேசிய தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்!

இந்தப் பந்தலில், மசக்கைக்காரியை வீட்டில் விட்டுவிட்டு வந்த புது மாப்பிள்ளை யாராவது இருந்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், எழுந்து போங்கள். அவள் மத்தியானம் சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா என்று கேளுங்கள். எதற்குப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள். தீர்ப்பை நாங்கள் வீட்டுக்கே வந்து சொல்கிறோம். வணக்கம்.