படகை நிறுத்தத் தெரிந்தவர்க்கே திமிங்கிலம்

நேயர்களுக்கு வணக்கம்.

அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உஷுவாயா துறைமுகத்திலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அண்டார்டிகா தீபகற்பத்துக்குக் கப்பல் கப்பலாக மக்கள் போகிறார்கள். அந்தப் பெரிய கப்பல்களுக்கு நடுவே எட்டுப் பேர், பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு, 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகுகளும் போகின்றன. திமிங்கிலம் பார்ப்பதற்கென்றே கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறு படகுகளைத்தான் தேடுகிறார்கள். சிறு படகில் போனால் திமிங்கிலத்தை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிறு படகு நமக்குத் தருவது பொழுது. ஒரே குடாவில் இரண்டு நாள், மூன்று நாள் தங்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் சும்மா இருக்கலாம். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்று அட்டவணை வைத்து ஓடும் கப்பலால் அது முடியாது. இந்தப் பயணத்துக்கான எல்லா ஏற்பாடுகளையும் இந்த ஒன்றை மனதில் வைத்தே செய்ய வேண்டும்.

முதலில் மாதம். அங்கே சுற்றுலாப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பென்குயின் குஞ்சுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போவது சரி. திமிங்கிலம்தான் நோக்கம் என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கொலம்பியா, ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிக்கா கடற்கரைகளில் குட்டி போட்டுவிட்டு, மாதக்கணக்கில் ஏறக்குறைய பட்டினியாகத் தெற்கே நீந்தி வருகின்றன. கோடை முதிர முதிர அவற்றின் கூட்டம் பெருகுகிறது. அவை வருவது கிரிலுக்காக. நம்மூர் கூனி இறாலைப் போல இருக்கும். வளர்ந்தால் 6 சென்டிமீட்டர். பருவக் கடைசியில் இந்தக் கிரில் கூட்டங்கள் கரையோரக் குடாக்களுக்குள் வந்து அடைகின்றன. 2009 மே மாதத்தில் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள வில்ஹெல்மினா குடாவில் ஆய்வாளர்கள் 306 கூன்முதுகுத் திமிங்கிலங்களை எண்ணினார்கள். அந்தக் குடாவில் அப்போது இருந்த கிரிலின் எடை 20 லட்சம் டன் என்று மதிப்பிட்டார்கள். மே மாதத்தில் பயணிகள் போக முடியாது. ஆனால் அந்தக் கூட்டம் சேரத் தொடங்குவதை மார்ச்சிலேயே பார்க்கலாம். அதற்கு விலையாக இரவு நீளும், காற்று முரடாகும். இதைத் தெரிந்துகொண்டுதான் தேதி குறிக்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. அண்டார்டிகா ஒப்பந்தம் 1959-இல் கையெழுத்தானது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான மாட்ரிட் உடன்படிக்கை 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு படகும் ஏதாவதோர் உறுப்பு நாட்டின் அனுமதியோடுதான் போக வேண்டும். நம் நாட்டிலும் 2022-இல் இந்திய அண்டார்டிகா சட்டம் வந்திருக்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே படகு நடத்துபவரிடம் எந்த நாட்டின் அனுமதி என்று கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டத் தயங்குகிற படகில் ஏற வேண்டாம். 1991-இல் தொடங்கிய ஐயாட்டோ என்னும் அண்டார்டிகா சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் அவர் உறுப்பினரா என்றும் பாருங்கள். அர்ஜென்டினா விசா பல முறை நுழைவதற்கானதாக இருக்கட்டும். போய்த் திரும்பும்போது மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

இனி டிரேக் கடற்கால்வாய். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனைக்கும், தீபகற்பத்துக்கு வடக்கே இருக்கும் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் அகலம். ஆறு, ஏழு நாட் (மணிக்குச் சுமார் 11 முதல் 13 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் பாய்மரப் படகுக்கு உஷுவாயாவிலிருந்து மூன்றரை, நான்கு நாள் ஆகும். மேற்கிலிருந்து கிழக்காகக் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நல்ல ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர், ஹார்ன் முனைக்குச் சற்று வடக்கே ஒதுக்கமான இடத்தில் நங்கூரம் போட்டு, ஒரு தாழ்வு கடந்து போனதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். இந்தக் காத்திருப்பு ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். மொத்தப் பயணம் மூன்று, நான்கு வாரம் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். "இரண்டே வாரத்தில் முடித்துத் தருகிறோம்" என்று பாய்மரப் படகுக்காரர் யாராவது சொன்னால், அவர் காத்திருக்க மாட்டார் என்று பொருள். அந்தப் படகு வேண்டாம்.

குமட்டலுக்கு மருந்தை, கடல் பொங்கிய பிறகு எடுத்துப் பயனில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையைப் புறப்படுவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். மூன்று நாள் வேலை செய்யும். வாய் உலரும், பார்வை மங்கலாம். ஒட்டிய விரலால் கண்ணைத் தொடக்கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஆகையால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, ஒரு நாள் ஒட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பல்லையும் காட்டிவிடுங்கள். தீபகற்பத்தில் மருத்துவமனை கிடையாது. அவசரம் என்றால் தெற்கு ஷெட்லாண்டிலுள்ள கிங் ஜார்ஜ் தீவின் விமானத்தளம் வரை போய், வானம் தெளியும் வரை அங்கே காத்திருக்க வேண்டும்.

வழியில் ஓரிடத்தில் கடலின் வெப்பநிலை சட்டென்று மூன்று, நான்கு டிகிரி இறங்கும். பனிமூட்டம் கவியும். அண்டார்டிகாவின் குளிர்நீர் அங்கே தொடங்குகிறது. அதற்குத் தெற்கே பனிக்கட்டிக் காவல் தொடங்கும். இருவர் இருவராக முறை வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய பனிமலையால் ஆபத்து குறைவு, ரேடாரில் தெரிந்துவிடும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு முழம்கூட நிற்காத, கண்ணாடிபோல் தெளிந்த கட்டி இருக்கிறதே, அது ரேடாருக்குத் தெரியாது. ஒரு காரளவு இருந்தாலும் எடை பல டன். அதனால்தான் இங்கே வரும் பெரும்பாலான படகுகளின் அடிப்பாகம் எஃகில் அல்லது அலுமினியத்தில் இருக்கிறது. இருட்டியதும் வேகத்தைக் குறைக்கிறார்கள், அல்லது நிறுத்தியே விடுகிறார்கள்.

இன்ஜினுக்கும் ஒரு தொல்லை உண்டு. குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழாயில் பொடிப்பனி அடைத்துக்கொள்ளும். கிரில் செறிந்த இடத்தில் கிரிலே அடைத்துக்கொள்ளும். வெப்பமானி ஏறுவதைக் கவனிக்காமல் விட்டால் பனிக்கு நடுவே இன்ஜின் நின்றுபோகும். வடிகட்டியைத் திறந்து கழுவுவது அங்கே அன்றாட வேலை. அதை எப்படிச் செய்வது என்று பயணிகளும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

நங்கூரமிடும் இடங்களில் எனக்குப் பிடித்தது வில்ஹெல்மினா குடாவின் வடபுறம் என்டர்பிரைஸ் தீவை ஒட்டிய ஒதுக்கம். அங்கே குவெர்னோரென் என்ற நார்வேக் கப்பல் துருப்பிடித்துப் பாதி முழுகிக் கிடக்கிறது. திமிங்கிலக் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்த கப்பல். 1915-இல் தீப்பிடித்ததும் கரையில் ஏற்றிவிட்டார்கள்; அதிலிருந்த எல்லாரும் பிழைத்தார்கள். இன்று சிறு படகுகள் அதன் விலாவில் கயிறு கட்டி இரவு தங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டில் தென்பாதி உலகில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட திமிங்கிலங்களைக் கொன்றார்கள். அந்த வேட்டைக்குப் பிறகு கூன்முதுகுத் திமிங்கிலம் நன்றாக மீண்டிருக்கிறது. நீலத் திமிங்கிலம் இன்னும் மீளவில்லை. அதைத் தீபகற்பத்தில் பார்ப்பது மிக அரிது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அந்தக் குடாவில் நிற்பதற்கும் தெரியாமல் நிற்பதற்கும் நிரம்ப வித்தியாசம் உண்டு.

மற்ற இடங்களில் நங்கூரம் மட்டும் போதாது. ரப்பர் படகில் போய்க் கரைப்பாறைகளில் நாலு திசைக்கும் நீளக் கயிறு கட்டுவார்கள். பாறை கயிற்றை அறுக்கும் என்பதால் பாறையைச் சுற்றிச் சங்கிலியோ கம்பிவடமோ போட்டு, அதில் கயிற்றை மாட்டுவார்கள். இரவில் மிதந்து வரும் பனிக்கட்டி கயிற்றில் சிக்கி இழுக்கும். நீளக் கழியால் அதைத் தள்ளிவிட ஒருவர் விழித்திருக்க வேண்டும். ரப்பர் படகையும் இரவில் தண்ணீரில் விடக்கூடாது. சிறுத்தைச் சீல் கடித்துக் காற்றை இறக்கிவிடும்.

இப்போது திமிங்கிலத்துக்கு வருவோம். தூரத்தில் முதலில் தெரிவது மூச்சுதான். கூன்முதுகின் மூச்சு மூன்று மீட்டர் உயரத்தில் புதர்போல் பரவும். துடுப்புத் திமிங்கிலத்தின் மூச்சு நெடிதாக, கம்பம்போல் எழும். மின்கி என்னும் சிறிய திமிங்கிலத்தின் மூச்சு கண்ணில் படாமலே போகலாம். வளைந்த சின்ன முதுகுத் துடுப்பு தெரியும், அதோடு சரி. கொலைகாரத் திமிங்கிலம் என்று சொல்லப்படும் ஓர்கா என்றால் நிமிர்ந்த கறுப்புத் துடுப்பு. தீபகற்பத்து ஓர்காக்களின் வெள்ளைப் பட்டை பல சமயம் மஞ்சள் பூத்திருக்கும். தோலில் ஒட்டிய நுண்பாசிதான் காரணம்.

கண்டவுடன் அதை நோக்கிப் படகைத் திருப்பக்கூடாது. எத்தனை மூச்சு விட்டது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது, எந்தப் பக்கம் எழுந்தது என்று இரண்டு, மூன்று முறை குறித்துப் பாருங்கள். மூன்றிலிருந்து ஐந்து மூச்சு, பிறகு ஐந்து, பத்து நிமிட முழுக்கு என்றால் அது மேய்கிறது. மரக்கட்டை மாதிரி அசையாமல் மிதந்தால் தூங்குகிறது. மேயும் திமிங்கிலத்துக்கு முன்னாலிருந்தும் போகக்கூடாது, நேர் பின்னாலிருந்தும் போகக்கூடாது. பக்கவாட்டில், அதன் போக்குக்கு இணையாக, ஐந்து நாட் அளவுக்கும் குறைந்த வேகத்தில் போய், 100 மீட்டருக்கு வெளியே நிற்க வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் போகக்கூடாது.

நிற்பதற்கும் இடம் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, அந்தப் பக்கம் பாறையோ பனியோ எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிட்டு, அரை மணி நேரமாவது மிதக்க இடம் விட்டுத்தான் இன்ஜினை அணைக்க வேண்டும். ஏனென்றால் திமிங்கிலம் தானாகவே படகருகே வந்துவிட்டால் அது விலகும் வரை சுழல்விசிறியைச் சுழலவிடக்கூடாது. சில கூன்முதுகுகள் ஒரு மணி நேரம்கூடப் படகைச் சுற்றிக்கொண்டிருக்கும். மின்கியும் அப்படித்தான். ஓடும் கப்பலிலிருந்து பார்த்தால் ஒரு கணம் தெரிந்து மறையும். நின்ற படகை அது வந்து சுற்றிப் பார்க்கும், அடியில் புகுந்து மறுபக்கம் எழும். நான் சொன்ன பொழுதின் பயன் இதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாய் விரித்து ஓசையின்றி ஓடும் படகு, தூங்கும் திமிங்கிலத்தின் மேல் ஏறிவிடலாம். அதற்குப் படகு வருவதே தெரியாது. ஆகையால் திமிங்கிலங்கள் கூடும் குடாவுக்குள் பாயைச் சுருட்டி, இன்ஜினை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவதே சரி. அமைதி, நின்ற பிறகு.

ரப்பர் படகில் இருக்கும்போது தண்ணீரைப் பாருங்கள். நீர் செம்மை தட்டி, கடற்பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தால் கிரில் மேலே வந்திருக்கிறது. வட்டமாகக் குமிழிகள் கிளம்பினால் அந்த வட்டத்துக்குள்ளிருந்து திமிங்கிலம் வாயைத் திறந்துகொண்டு எழும்பும். கூன்முதுகின் நீளம் 15 மீட்டர் வரை, எடை 30 டன் அளவு. அந்த வட்டத்துக்கு மேலே படகு இருக்கக்கூடாது. திமிங்கிலம் திடீரென்று திசை மாற்றினால், வாலால் நீரை ஓங்கி அடித்தால், எக்காளம்போல் மூச்சை ஊதினால், நம்மைப் போகச் சொல்கிறது. மெதுவாக விலகிவிடுங்கள்.

பொழுது சாயும் நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பகலில் ஆழத்தில் இருக்கும் கிரில் மாலையில் மேலே ஏறுகிறது. பகலெல்லாம் தூங்கிக் கிடந்த திமிங்கிலங்கள் அதைத் தொடர்ந்து மேயத் தொடங்கும். பெரிய கப்பலில் அது இரவுச் சாப்பாட்டு நேரம். சிறு படகில் சமையலை முன்னதாகவே முடித்துவிட்டுத் தளத்துக்கு வரலாம்.

ரப்பர் படகில் ஏறும் எவரும் மிதவையங்கியும் நீர்புகா உடையும் இல்லாமல் ஏறக்கூடாது. கடல்நீர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அதில் தண்ணீர் குடித்துவிடாமல் இருப்பதுதான் பிழைப்பு. கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். உள்ளாடை கம்பளி நூலில் இருக்கட்டும். பருத்தி நனைந்தால் குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். குளிர்நீரில் ரப்பர் படகின் காற்று சுருங்கித் தொய்யும். இறக்கிய சற்று நேரத்தில் மறுபடி காற்றடிக்க வேண்டும்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துள்ளும் திமிங்கிலத்தைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். அது முழுகும்போது தூக்கும் வாலின் அடிப்பக்கத்தை எடுங்கள். அதிலுள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொரு கூன்முதுகுக்கும் தனி. பின்தொடர்ந்து போகாமல், வால் நமக்கு நேரே தெரியும்போது ஆயிரத்தில் ஒரு விநாடி வேகத்தில் எடுத்து, தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து ஹேப்பிவேல் இணையதளத்துக்கு அனுப்பினால், அந்தத் திமிங்கிலத்தை வேறு எங்கே யார் பார்த்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். அறைக்குள் போகுமுன் கேமராவைப் பையில் போட்டு இறுக மூடிவிட்டால் லென்சில் நீர் பூக்காது.

கரையிறங்கும்போது பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவுவது, இறங்கிய இடத்தில் உட்காராமல், பையைத் தரையில் வைக்காமல் இருப்பது எல்லாம் இப்போது கண்டிப்பு. 2024 தொடக்கத்தில் தீபகற்பத்திலும் பறவைக் காய்ச்சல் உறுதியானது.

திரும்பும் வழியில் பெரும்பாலான படகுகள் மெல்கியோர் தீவுகளில் நின்று காற்றுக்குக் காத்திருக்கும். அங்கிருந்து நேரே ஹார்ன் முனைக்குக் குறி வைக்கக்கூடாது. மேற்கிலிருந்து வீசும் காற்றும் நீரோட்டமும் கிழக்கே தள்ளும் என்பதால் தொடக்கத்திலேயே சற்று மேற்கே ஒதுங்கிப் போக வேண்டும். எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஊர் திரும்பும் விமானச் சீட்டைத் தேதி மாற்ற முடிந்ததாக வாங்குங்கள். படகு உஷுவாயாவுக்கு வந்துசேர வேண்டிய நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே நான்கு நாளாவது இடைவெளி விடுங்கள்.

வணக்கம்.