அதீனாவின் ஒரு கை

நேயர்களுக்கு வணக்கம். பழைய கிரேக்கக் கலையில் தெய்வமும் வீரனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பெரும்பாலும் உயரம் ஒன்றுதான். ஒளிவட்டம் கிடையாது, நான்கு கைகள் கிடையாது. பிறகு யார் தெய்வம், யார் மனிதன் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பல வருடங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது.

கிரீஸில் ஒலிம்பியா என்ற இடத்தில், கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான ஸீயஸின் கோயில். கி.மு. 456 வாக்கில் கட்டி முடித்தார்கள். அதன் முன்மண்டபத்தின் மேலே ஆறு, பின்மண்டபத்தின் மேலே ஆறு என்று பன்னிரண்டு பளிங்குப் பலகைகள். கிரேக்கப் புராணத்தின் பெரிய வீரன் ஹெராக்ளீஸ் செய்து முடித்த பன்னிரண்டு அரும்பணிகள் அவற்றில் இருக்கின்றன.

அதில் ஒரு பலகையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வானத்தைத் தாங்கி நிற்பவன் அட்லஸ். ஹெராக்ளீஸுக்காகத் தங்க ஆப்பிள்களைப் பறித்து வர அவன் போகிறான். அவன் திரும்பி வரும்வரை வானத்தை ஹெராக்ளீஸ் சுமக்க வேண்டும். சிற்பி வானத்தைச் செதுக்கவே இல்லை. பலகையின் மேல்விளிம்புதான் வானம்! ஹெராக்ளீஸ் நடுவில் நிற்கிறான். இரண்டு கைகளும் மேலே. தோளில் சும்மாடு மாதிரி மடித்து வைத்த ஒரு மெத்தை. மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கு அந்த மெத்தை ஏன் என்று சொல்லவே வேண்டாம், சுமை அழுத்துகிறது. எதிரே அட்லஸ், கை நிறைய ஆப்பிள்களோடு வந்து நிற்கிறான்.

ஹெராக்ளீஸுக்குப் பின்னால் அவனுக்குத் துணை நிற்கும் தெய்வம், அதீனா. நேராக, நிதானமாக நிற்கிறாள். ஒரே ஒரு கையை உயர்த்தி, உள்ளங்கையால் வானத்தைத் தாங்குகிறாள். முகத்தில் சிரமம் இல்லை, உடம்பில் வளைவு இல்லை. அவனுக்கு இரண்டு கையும் மெத்தையும் வேண்டியிருக்கிறது, இவளுக்கு ஒரு கை போதும். தெய்வம் யார் என்பதற்கு இதற்கு மேல் அடையாளம் வேண்டுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சுமையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கூட நிற்கிறாள், அவ்வளவுதான். வேலை அவனுடையது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் பலகையிலும் இதேதான். சிங்கத்தைக் கொன்றுவிட்டு, அதன்மேல் ஒரு காலை வைத்தபடி, தலையைக் கையில் சாய்த்து நிற்கிறான் ஹெராக்ளீஸ். மீசை முளைக்காத பையன், களைத்துப் போயிருக்கிறான். அங்கேயும் அதீனா பக்கத்தில் இருக்கிறாள். சண்டை அவன் போட்டது. வெற்றியைக் கொண்டாடாமல் களைப்பைச் செதுக்கிய அந்தச் சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

குவளை ஓவியங்களைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் இடம் கொடுக்கவில்லை. பழைய கிரேக்க ஓவியன் தூரிஸ் வரைந்த கிண்ணம் ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. பாம்பின் வாயிலிருந்து ஜேசன் என்ற வீரன் துவண்டு தொங்குகிறான், எதிரே அதீனா ஈட்டியோடு நின்று பார்க்கிறாள்.

கடைசியாக ஏதென்ஸ் நகரில் அதீனாவின் கோயிலான பார்த்தெனான். அங்கே கிழக்குப் பக்கத்துச் சிற்ப வரிசையில் தெய்வங்கள் உட்கார்ந்திருக்க, அருகே கோலூன்றி நிற்கும் ஆண்கள் நகரத்தின் பழைய வீரர்கள் என்பது பல அறிஞர்களின் கருத்து. உட்கார்ந்த தெய்வத்தின் தலையும் நிற்கும் மனிதனின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அந்தத் தெய்வங்கள் எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.